தும்புத்தடிக்குத் தப்பிய கற்கள்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் நல்ல வார்த்தை கேட்பது ஆபத்தில்லாத காரியம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் வாயைத் திறந்தபோதெல்லாம் "கூட்டம் முடிந்தபிறகு பேசலாமே" என்றவர்கள்தான் இப்போது பக்கம் ஒதுக்கித் தருகிறார்கள். சரி, எனக்குக் கூட்டமெல்லாம் முடிந்துவிட்டது. பேசலாம்.

நான் சூரிச்சில் ஒரு வானியல் ஆய்வுக்குழுவின் கணினி நிரலைப் பராமரித்தவள். தொலைநோக்கியில் கண்ணை வைத்ததே இல்லை. அட்லிஸ்வில் முருகன் கோயிலில் என்னைக் காண்கிற சனம், "அன்ரி, எங்கட மகளுக்கு இந்த வருசம் எப்பிடி?" என்று கேட்கும். வானியல் என்றால் சாதகம் பார்க்கிற சாத்திரம் என்பது அவர்களுடைய எண்ணம். ஆரம்பத்தில் விளங்கப்படுத்திப் பார்த்தேன். பிறகு, "வியாழன் நல்ல இடத்திலைதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு வடையை வாங்கிக்கொண்டு வரப் பழகினேன். அதில் பொய்யும் இல்லை. வியாழன் எப்போதும் நல்ல இடத்தில்தான் நிற்கிறது.

எங்கள் குழு ஆராய்ந்தது சொந்தக்காரர் இல்லாத கற்களை. நட்சத்திரங்கள் பெரும்பாலும் தனியாகப் பிறப்பதில்லை, கொத்தாகப் பிறக்கின்றன. கொத்துக்குள் நெருக்கடி அதிகம். ஒரு நட்சத்திரம் இன்னொன்றின் பக்கமாகப் போகும்போது அதன் கோள் ஒன்றையோ, ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்த பாறைகளையோ பிடுங்கி எறிந்துவிடும். எறியப்பட்டவை எந்த நட்சத்திரத்துக்கும் சொந்தமில்லாமல் கொத்துக்குள் அலையும். மலையளவு பாறையும் வியாழன் அளவு கோளும் இந்த அலைச்சலில் ஒன்றுதான், நட்சத்திரத்தின் கணக்கில் இரண்டுமே தூசி. கனமான நட்சத்திரங்கள் மெல்ல மெல்ல நடுவுக்கு இறங்கி வசதியாக உட்கார்ந்துகொள்ளும். எடையில்லாதவை போகிற வருகிற நட்சத்திரங்களிடம் தள்ளு வாங்கி வாங்கி ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கொத்தின் இழுப்பைவிடப் பால்வீதியின் இழுப்பு பெரிது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க அதிக நேரம் தேவைப்படாது.

இந்தக் கற்கள் கொத்தைவிட்டு வெளியேற எவ்வளவு காலம் எடுக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி. எங்கள் பேராசிரியர் இளம் வயதிலேயே பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். அவசர அவசரமாக வெளியேறிவிடும் என்பது அவருடைய பதில். அந்தப் பதிலால் அவருக்குப் பெயர் வந்தது, பதவி வந்தது, ஏரி தெரிகிற அறை வந்தது. பதில் வந்துவிட்டதால் கேள்வியை ஒருவரும் திரும்பப் பார்க்கவில்லை.

அவர் எழுதிய நிரலில் ஒரு வரி இருந்தது. எல்லையைத் தாண்டுகிற கல்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு என்பது அந்த வரியின் வேலை. அவர் எழுதிய காலத்தில் கணினிகளுக்குச் சத்துக் குறைவு. போன கல்லையெல்லாம் சுமந்துகொண்டு கணக்குப் போட அவற்றால் முடியாது. அதனால் அப்போது அது நியாயமான வரி. பிறகு கணினிகள் வளர்ந்தன, வரி அப்படியே இருந்தது. நான் அதற்குத் தும்புத்தடி என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் வீடு கூட்டுகிற தடிக்கு அதுதான் பெயர். இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் கேட்பேன். கூட்டம் முடிந்தபிறகு பேசலாமே என்பார்கள். குறை சொல்லவும் ஏலாது. வீட்டைக் காலி செய்து கொடுக்கும்போது அடுப்புக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிற நாடு இது. பழைய பேப்பரை நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி வைக்காவிட்டால் எடுக்க வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு நிரல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்றால் அதைப் பிழை என்று யார் சொல்லப்போகிறார்கள்.

இனிச் சரவணனிடம் வருகிறேன். திருநெல்வேலிப் பிள்ளை, முனைவர் பட்டம் முடித்துவிட்டு எங்கள் குழுவில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர். மனைவியும் ஒரு மகளும் கூட வந்திருந்தார்கள். மகள் அப்போது கிண்டர்கார்டனில். என்னை 'மேடம்' என்று கூப்பிடுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் யாரோ எனக்குக் காப்புறுதி விற்க வருவதுபோல் இருக்கும். "அன்ரி எண்டு கூப்பிடும், இல்லாட்டி அக்கா எண்டாவது கூப்பிடும்" என்று சொல்லிப் பார்த்தேன். "சரிங்க மேடம்" என்பார்.

அவருடைய ஒப்பந்தம் எங்கள் ஆய்வுத் திட்டத்தோடு முடிகிறது. திட்டத்தை நீட்டிப்பதா இல்லையா என்று முடிவுசெய்ய வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. திட்டம் நீண்டால் ஒப்பந்தம், ஒப்பந்தம் இருந்தால் பெர்மிற் என்கிற வதிவிட அனுமதி, பெர்மிற் இருந்தால்தான் அந்தப் பிள்ளை அதே கிண்டர்கார்டனுக்குப் போகலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த சாமான். நானும் ஒரு காலத்தில் பெர்மிற் அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு நித்திரை கொண்டவள்தான். அந்தப் பயம் எனக்குத் தெரியும், அதை வைத்துப் பகிடி விட எனக்கு இன்றைக்கும் வராது.

அந்தக் குழு வருகிற நாள் காலையில் நான் கோப்பி இடைவேளையில் இருந்தேன். சுவிஸ்காரர் வேலையை விட்டாலும் அந்த இடைவேளையை விடமாட்டார்கள். சரவணன் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

"கோப்பியைக் குடிச்சுப்போட்டு வாறன் தம்பி."

"கோப்பிய கையோட எடுத்துட்டு வாங்க மேடம். ப்ளீஸ்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். வருகிறவர்களுக்குக் காட்ட அவர் ஒரு படம் செய்திருக்கிறார். கொத்துக்குள் கற்கள் எப்படி அசைகின்றன என்பதைக் காட்டும் சின்னப் படம், நட்சத்திரங்கள் மஞ்சள், கற்கள் நீலம். எல்லைக்கு வந்ததும் நீலப் புள்ளிகள் படக்கு படக்கென்று மறைந்திருக்கின்றன.

"பாக்க நல்லாவே இல்ல மேடம். டிவி ரிப்பேர் ஆன மாதிரி இருந்துச்சு. அதனால படத்துக்கு மட்டும் அந்த லைன எடுத்துட்டேன். சும்மா அழகுக்குத்தான்."

"தும்புத்தடியையோ?"

"ஆமா மேடம்."

"எங்கை, போடும் பாப்பம்."

போட்டார். புள்ளிகள் தள்ளு வாங்கி ஓரத்துக்கு வந்தன, எல்லையைத் தாண்டின. தாண்டியவை வேகமாக ஓடிப்போயிருக்க வேண்டும், பேராசிரியரின் புகழ் அதில்தான் நிற்கிறது. சில ஓடின. மற்றவை எல்லைக்கு வெளியே மந்தமாக, போகவும் மனமில்லாமல் நிற்கவும் இடமில்லாமல் சுற்றின. சுற்றிச் சுற்றி வேறொரு பக்கமாகக் கொத்துக்குள் திரும்பி வந்தன. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். கூட்டம் கூட்டமாக வந்தன. இத்தனை காலமும் அவை வெளியேறவில்லை. வாசலைத் தாண்டிக் கால் வைத்ததும் நாங்கள்தான் கூட்டித் தள்ளியிருக்கிறோம்.

"திருப்பி ஓடவிட்டுப் பாத்தனீரோ?"

"பாத்துட்டேன் மேடம். வேற மெஷின்லயும் பாத்துட்டேன். இது என் தப்பா மேடம்?"

"இல்லைத் தம்பி. இது நீர் பிறக்க முதல் விட்ட பிழை."

அவர் சிரிக்கவில்லை. பிற்பகல் அவர் காட்டவேண்டிய கோட்டு வரைபு, கற்கள் அவசரமாக வெளியேறுகின்றன என்று சொல்கிற வரைபு. நீட்டிப்பு கேட்ட விண்ணப்பம் முழுக்க அதன்மேல்தான் கட்டியிருந்தது. "பொண்ணு பேசக் கத்துக்கிட்டதே இங்கதான் மேடம்" என்றார். "வீட்ல என்கூட ஜெர்மன்லதான் சண்டை போடுறா." இதைச் சொல்லிவிட்டு என் கோப்பியை எடுத்து அவர் குடித்தார். அது என் கோப்பி என்று அவருக்குத் தெரியவில்லை.

பேராசிரியர் ஜெனீவாவிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். நான் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை. சுரங்கப்பாதையாக்கும் என்று நினைத்தேன். அந்த வழியில் அவ்வளவு நீளமான சுரங்கம் கிடையாது.

"படம் அழகாக இருக்கும் என்று நம்புகிறேன்" என்றார் கடைசியில். "ஆனால் இன்றைக்கு வரைபைக் காட்டுவோம். படத்தைப் பற்றிப் பிறகு அமைதியாக உட்கார்ந்து பேசலாம்."

புதியவர்களே, 'அமைதியாகப் பேசலாம்' என்பதை இந்த நாட்டில் நீங்களும் கேட்பீர்கள். சம்பந்தப்பட்ட எல்லோரும் ஓய்வு பெற்றபிறகு பேசலாம் என்று அதற்கு அர்த்தம். அது கட்டளையும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. நாளைக்கு ஏதாவது பிழைத்தால் நான் அப்படிச் சொல்லவில்லையே என்று சொல்ல இடம் விட்டுப் பேசுகிற பேச்சு. அதில் அவர் மன்னன்.

இப்போது சரவணனுக்கு நான் என்ன சொல்வது? 'உண்மையைத் துணிந்து சொல்லும் தம்பி' என்று சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். என்னிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இருக்கிறது, பென்சன் உறுதி, வேலையில் அது எனக்குக் கடைசி வருடம். இப்படிப்பட்ட நான் பெர்மிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிற ஒருவரைத் தைரியமாக இரு என்பது, ஊரான் வீட்டு அரிசியில் அன்னதானம் செய்கிற வேலை. அதை மட்டும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

"தம்பி, நீர் வரைபைக் காட்டும்" என்றேன். "நிரல் என்ர பொறுப்பு. கேள்வி கேக்கிற நேரம் நான் எழும்பிச் சொல்லுறன். கண்டுபிடிச்சது நீர் எண்டும் சொல்லுறன்."

"புரொஃபசர் உங்கள ஏதாவது பண்ணிட்டா?"

"என்ன செய்யிறது? நேரத்தோடை பென்சனுக்கு அனுப்புவார். சந்தோசமாப் போறன்."

மதியம் முழுக்க என் பேச்சை ஜெர்மனில் ஒத்திகை பார்த்தேன். சரியாகச் சொன்னால் என்ன சொல்கிறேன் என்று கேட்பார்கள், பிழையாகச் சொன்னால் எப்படிச் சொல்கிறேன் என்று ரசிப்பார்கள். வருடக்கணக்காகக் கூட்டம் முடிந்தபிறகு பேசக் காத்திருந்தவள். இன்றைக்குக் கூட்டத்திலேயே பேசப்போகிறேன் என்பதில் எனக்கு உள்ளூரப் பெரிய சந்தோசம்.

பிற்பகல் குழு வந்து உட்கார்ந்தது. மேசையில் குமிழி உள்ள தண்ணீர், குமிழி இல்லாத தண்ணீர், இரண்டையும் குடிக்காத மனிதர்கள். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கழுத்தில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா. சரவணன் வரைபைக் காட்டிப் பேசினார். பேராசிரியர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தது. நான் கதிரையைப் பின்னால் தள்ளினேன்.

எனக்கு முன்னால் அந்த அம்மா கேட்டுவிட்டார். சீனி இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார்.

"எல்லை தாண்டியவற்றை உங்கள் நிரல் நீக்கிவிடுகிறது. அவை திரும்பி வராது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேராசிரியர் யன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். சரவணன் என்னைப் பார்த்தார். நான் பாதி எழும்பியிருந்தேன், முதல் வசனம் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் சரவணன் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"திரும்பி வருகின்றன. என்னிடம் ஒரு படம் இருக்கிறது."

தானாகப் போய்ச் சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தைரியம் இருக்கவில்லை. நேராகக் கேட்டபிறகு மறைக்கவும் வரவில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த அளவுதான். எனக்கு அது போதும், கண்ணும் கலங்கியது. அவர் படத்தைப் போட்டார். நீலப் புள்ளிகள் போயின, சுற்றின, திரும்பி வந்தன.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

சிக்கல் இங்கேதான். இன்று காலை என்று சொன்னால், சொந்த நிரலில் என்ன நடக்கிறதென்று இத்தனை காலம் தெரியாத குழு இது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். திட்டம் போய்விடும், அதோடு அடுக்கிவைத்த சாமான் முழுக்கச் சரிந்துவிடும். சரவணன் வாயைத் திறந்தார். நான் முழுதாக எழும்பினேன்.

பேராசிரியர் எங்கள் இருவரையும் முந்திக்கொண்டார். எழும்பி, கோட்டின் பொத்தானைப் போட்டு, வாய் கூசாமல் சொன்னார்: "இப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நீண்ட காலமாகவே சந்தேகித்து வந்தோம். நீட்டிப்பு கேட்பதே இதற்காகத்தான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. காலையில் அமைதியாகப் பேசலாம் என்றவர். என் கேள்வியை வருடக்கணக்காகக் கூட்டத்துக்கு வெளியே வைத்தவர். ஒரே வசனத்தில் அந்தப் பிள்ளையின் கண்டுபிடிப்பைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டார். கையில் இருந்த பேனாவை அவர்மேல் எறிந்திருப்பேன், நல்ல பேனா என்பதால் எறியவில்லை.

"நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள்" என்றார் அந்த அம்மா என்னிடம்.

ஓம், சொல்லத்தான் வந்தேன். நிரலை வைத்திருப்பவள் நான். அவர் நீண்ட காலமாகச் சந்தேகித்தது அன்று காலையிலிருந்துதான் என்று நான் சொன்னால் போதும், மனிதர் கதிரையில் விழுந்திருப்பார். அவர் விழுந்தால் அவருக்கு என்ன? ஏரி தெரிகிற அறை அப்படியே இருக்கும். கீழே விழப்போவது கிண்டர்கார்டன்தான். கற்கள் திரும்பி வருகின்றன என்கிற உண்மை ஏற்கெனவே திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது அது யாருடைய உண்மை என்பது மட்டும். அந்தக் கணக்கை அந்த அறையில் தீர்க்க வேண்டுமா, வேறு இடத்தில் தீர்க்கலாமா?

சரவணன் தலையை அசைத்தார். மிக மெல்லத் தமிழில், "அக்கா, உக்காருங்க" என்றார்.

முதல் தடவையாக அக்கா.

"யன்னலைத் திறக்கலாமா என்று கேட்க எழும்பினேன்" என்றேன் அந்த அம்மாவிடம். "காற்று கொஞ்சம் கெட்டுப்போயிருக்கிறது."

குழு முழுக்க மகிழ்ச்சியோடு தலையாட்டியது. வேறு எதில் ஒற்றுமைப்படாவிட்டாலும், யன்னலைத் திறந்து காற்று மாற்றுவதில் இந்த நாட்டில் எதிர்க்கட்சியே கிடையாது. நான் போய் விரியத் திறந்துவிட்டேன். குளிர் காற்று நேராகப் பேராசிரியரின் கழுத்தில் அடித்தது. அதை ஒரு சின்ன ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

திட்டம் நீட்டிக்கப்பட்டது. குழு தன் முடிவில் எங்களுடைய 'சுயவிமர்சனப் பண்பாட்டை' மிகவும் பாராட்டியிருந்தது. அதை வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். சரவணனின் பெர்மிற் புதுப்பிக்கப்பட்டது. மகள் அதே கிண்டர்கார்டனுக்குப் போனாள், வீட்டுக்கு வந்து அதே மொழியில் சண்டை பிடித்தாள். தும்புத்தடியை நானே என் கையால் நிரலிலிருந்து எடுத்துப் போட்டேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிக இனிமையான வேலை அதுதான்.

நீங்கள் அன்றைக்கு எழும்பி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். அப்படிச் சொன்ன எல்லோரிடமும் நல்ல கடவுச்சீட்டு இருந்தது என்பதை மட்டும் கவனித்தேன். கோபத்தை விழுங்கச் சொல்லி நான் உங்களுக்குச் சொல்லவில்லை, விழுங்கினால் வயிற்றுக்கு ஆகாது. அதை இறக்கிவைக்கிற இடத்தை நீங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும். எங்கே இறக்கினால் யார் காலில் விழும் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

நான் என்னுடையதை இறக்கிவைக்கச் சில மாதங்கள் பிடித்தன. புதிய முடிவுகளைக் கட்டுரையாக அனுப்பும் நேரம் வந்தது. பேராசிரியர் வரைவை எல்லோருக்கும் அனுப்பினார். அவருடைய பெயர் முதலில் இருந்தது. சரவணன் பெயர் அதற்குப் பின்னால் எங்கேயோ நின்றது. நான் சரவணனின் பெயரை முதலாவதாக்கி, பேராசிரியரின் பெயரைக் கடைசிக்கு மாற்றி, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். சரவணனின் ஒப்பந்தம் அதற்குள் கையெழுத்தாகிவிட்டது. அதை உறுதிசெய்துகொண்டுதான் போனேன்.

அவர் வாசித்தார். முகம் சிவந்தது. "இந்த மாற்றத்தைப் பற்றி நாங்கள் அமைதியாக உட்கார்ந்து பேசவேண்டும்" என்றார்.

"பேச ஒன்றும் இல்லை" என்றேன். "இப்படித்தான் வரும் என்று நாங்கள் நீண்ட காலமாகவே சந்தேகித்து வந்தோம்."

பிறகு அவர் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். கட்டுரை வெளிவந்தபோது சரவணனின் பெயர் முதலாவதாகவே இருந்தது.